எந்தக் கரை முயல்

அந்த நாட்களில் என் கைப்பைக்குள் எப்போதும் முயல் பிழுக்கை இருந்தது. விரல் நீளக் குழாய்களுக்குள் மதுசாரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். மற்றப் பெண்பிள்ளைகளின் பையில் சீப்பும் பவுடரும் இருந்த வயதில் எனக்கு வாய்த்தது இதுதான். சுனாமி முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சமாதான காலம் என்று பெயர், ஆனால் யாரும் நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. வவுணதீவுப் பக்கம் போக வலையிறவுப் பாலத்தடியில் இராணுவத்தின் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அங்கிருந்த சிப்பாய் ஒரு குழாயைத் திறந்து முகர்ந்துவிட்டு, "அரக்கு?" என்று, சாராயமா எனக் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ஹாவா" என்று சொல்லி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் காதாக வைத்துக் காட்டினேன். அவர் குழாயை மறுபடி பார்த்தார். பிறகு சாவடியிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு என்னை இன்னொரு தரம் காது வைத்துக் காட்டச் சொன்னார்.

பாலத்துக்கு அங்கால் புலிகள் இயக்கத்தின் சாவடி. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய ஒரு பெண் இருந்தாள். அவளும் குழாயை முகர்ந்தாள், ஆனால் சிரிக்கவில்லை.

"அக்கா, இதால என்ன பிரயோசனம்?"

ஆராய்ச்சி என்றேன். அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவள் குழாயைத் திருப்பித் தந்து போகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நான் எழுவான்கரைப் பிள்ளை. கடலும் கடைத்தெருவும் பள்ளிக்கூடங்களும் எங்கள் பக்கம், வயலும் மாடும் தயிரும் அவர்கள் பக்கம். யுத்த காலத்தில் ஒரு கரை இராணுவத்திடமும் மறு கரை இயக்கத்திடமும் இருந்தன. ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி எந்தக் கரை என்பதுதான். என் ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அதுதான், மனிதருக்குப் பதில் முயலைக் கேட்டேன்.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, வாவி நடுவில் ஒரு சின்னத் தீவு இருந்தது. ஆள் குடியிருப்பு இல்லை. ஓரமெல்லாம் கண்டல் மரங்கள், நடுவில் மணல் மேடு, புல், பற்றை. கடல் எழும்பிய அன்று அலை முகத்துவாரத்தால் உள்ளே வந்து அந்தத் தீவின் மேலாகவே போனது. கீரி, எலி, முயல் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அடுத்த வருடமே அங்கு முயல்கள் ஓடின. அவை எந்தக் கரையிலிருந்து வந்தவை, அல்லது அலைக்குத் தப்பி அங்கேயே இருந்தவையா என்பதை மரபணுவால் கண்டுபிடிப்பதுதான் என் முதுகலைப் பட்டத்துக்கான வேலை. பிழுக்கையின் மேல் ஒட்டியிருக்கும் குடலின் உயிர்க்கலங்களே அதற்குக் காணும், இரத்தமோ தசையோ தேவையில்லை. மலைநாட்டில் இருந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

தீவுக்குப் போக எனக்குத் தோணி வேண்டியிருந்தது. வாவிக்கரையோரம் இருந்த ஒரு மீன்பிடிகாரர் சம்மதித்தார். அவரை மாமா என்றும், அவருடைய மனைவியை மாமி என்றும் கூப்பிட்டேன். அவர்களின் வீட்டை அலை தொடவில்லை. ஆனால் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்த ஒரே மகள் அன்று கடற்கரைப் பக்கம் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். பெறுபேறு பிறகு வந்தது. எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத பெண்பிள்ளையையும் மகள் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நடத்துநர்கூட "மகள், உள்ளுக்கு வாங்க" என்பார். மாமி மட்டும் என்னை மிஸ் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த வீட்டில் குடித்த தேத்தண்ணியை நினைத்தால் இன்றும் நாக்கில் ஊறுகிறது. மாமி வேர்க்கொம்பு என்கிற சுக்கைத் தட்டிப் போட்டுச் சீனியை அள்ளிக் கொட்டியிருப்பார். விடியற்காலை குடித்துவிட்டுத் தோணி ஏறினால், வாவி பால் மாதிரி அசையாமல் கிடக்கும். மாமா பேச மாட்டார். கம்பை ஊன்றித் தள்ளுவார், இடைக்கிடை வெற்றிலை துப்புவார். சுற்றிலும் யுத்தம் புகைந்துகொண்டிருந்தது, வாழ்க்கையில் நான் மிகச் சந்தோசமாக இருந்ததும் அப்போதுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு மாமி கேட்டார்.

"மிஸ், தீவில இருக்கிற முயலெல்லாம் எங்க இருந்து வந்த எண்டு பார்க்கிறீங்களாமே."

"ஓம் மாமி."

"என்ர மகள் ரெண்டு முயல் குட்டி வளர்த்தவள். நாய் விடுகுதில்ல எண்டு தகப்பனும் மகளுமாக் கொண்டு போய் அந்தத் தீவிலதான் விட்ட. கடல் எழும்புறதுக்கு முதல் வருசம். இப்ப ஓடுறது அவள்ற முயல்ற வழியா எண்டு சொல்ல ஏலுமா?"

எப்படிப் பார்ப்பது என்று விளக்கினேன். கலத்துக்குள் இழைமணி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு தனி மரபணு உண்டு, அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும், தகப்பனுக்கு அதில் பங்கில்லை. நம் குடி மாதிரித்தான் மாமி என்றேன். மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும். கோயிலில் முறை வருவதும், கலியாணம் பேசுவதும் அதை வைத்துத்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். மாமியின் வளவிலும் மகளுக்கென்று போட்ட அத்திவாரம் அப்படியே கிடந்தது. புல் முளைத்து, அதன் மேல் வலை காயும்.

"எனக்கு ஒரே பொம்பிளப்புள்ள. கூடப்பிறந்த அக்காக்கும் ஆம்பிளப்புள்ளகள்தான். எங்கட வழி என்னோட முடிஞ்சி. அவள்ற கையால வளர்த்த சீவனாவது மிஞ்சின எண்டா மனம் ஆறும், மிஸ்."

பார்க்கிறேன் என்றேன். கண்களைப் பார்த்துச் சொல்லவில்லை, கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

முடிவு வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். தீவின் முயல்கள் அத்தனையும் ஒரே தாய்வழி. அந்தத் தாய்வழி எழுவான்கரையில் இல்லை, படுவான்கரை வயல் வட்டைகளில் நான் பொறுக்கிய எதிலும் இல்லை. அப்படியென்றால் அது தீவுக்கே உரிய பழைய வழி. எத்தனையோ தலைமுறையாக அங்கிருந்து, அலைக்கும் தப்பியிருக்கிறது. பெண்முயல் இடம் மாறாது, ஆண்தான் அலையும், ஆகவே தாய்வழி அந்த மண்ணுக்குரியது என்று மளமளவென்று எழுதி அனுப்பினேன். மலைநாட்டிலிருந்த என் பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'யார் சொன்னது?' என்று எழுதியிருந்தார்.

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் சொல்ல வேண்டியதுமில்லை. பெண் தாய் வளவில் இருப்பாள், ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். சின்னதிலிருந்து பார்த்த வழக்கத்தை அப்படியே முயலின் தலையிலும் கட்டிவிட்டிருந்தேன். மற்ற ஊர்க்காரர் எவருக்கும் இந்தப் பிழை வந்திருக்காது. பல விலங்குகளில் அது உண்மைதான் என்று புத்தகங்களைத் தேடி எடுத்துப் பேராசிரியரோடு மல்லுக்கட்டினேன். விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை.

அந்த வீறாப்போடுதான் மாமியிடம் போனேன். மகளின் முயல் வவுணதீவுப் பக்கத்து வயல் முயல்தானே. வெள்ளாண்மை வெட்டும்போது அகப்படும் குட்டிகளைத்தான் எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வளர்க்கும். தீவு முயல் அந்த வழி இல்லை, ஆகவே உங்கள் மகளின் முயல் இல்லை என்று முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். மாமி அழவில்லை. மீனைக் கழுவிக்கொண்டிருந்த கையை மட்டும் நிறுத்தினார்.

"வவுணதீவு முயல் எண்டு ஆர் சொன்ன?"

இரண்டாம் தரமாக அதே கேள்வி.

"அது கதிரவெளி முயல். பள்ளிக்கூட விடுமுறைக்கு அக்கா வீட்ட போய் நிண்டவள். அங்க தோட்டம் துப்புரவாக்கக்குள்ள அம்பிட்ட குட்டி. பஸ்ஸில மடியில வச்சி, சீலைக்குள்ள மூடிக் கொண்டு வந்தவள்."

கதிரவெளி வடக்கே, வாகரைக்கும் அப்பால். அங்கிருந்து ஒரு பிழுக்கைகூட நான் எடுத்திருக்கவில்லை. முயல் அவ்வளவு தூரம் போகுமா என்று நான் யோசிக்கவே இல்லை. முயல் போகாது. ஆனால் ஒரு பிள்ளையின் மடியில் போகும்.

உடனே போயிருக்கலாம். ஆனால் அந்த மாதத்திலேயே வாகரைப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. பாதை பூட்டு. கதிரவெளிச் சனம் காட்டாலும் கடலாலும் தப்பி வந்தது. மாமியின் அக்காவும் ஒரு சட்டிபானைகூட இல்லாமல் கிரான் பக்கத்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். பிறகு படுவான்கரைச் சனமும் சண்டையால் இடம்பெயர்ந்தது. ஒரு கரைச் சனம் முழுவதும் மறு கரைக்கு வந்து, பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் கூடாரங்களிலும் கிடந்தது. அந்த நேரத்தில் முயலைப் பற்றிப் பேசுகிறவளுக்குப் பைத்தியம் என்றுதான் அர்த்தம். நானும் பையை மூடிவைத்துவிட்டு முகாம்களில் சமைத்த சோற்றுக்கு வரிசை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் நெருக்கினார். இருப்பதை வைத்து எழுதிக் கொடு, பட்டத்தை வாங்கு என்றார். நான் எழுதவில்லை. கதிரவெளியைப் பார்க்காமல் அந்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை. மனதை ஒளிக்காமல் சொன்னால், கதிரவெளி முயல் பொருந்தக்கூடாது என்றுதான் எனக்குள் ஆசை இருந்தது. பொருந்தாவிட்டால் அந்தத் தீவின் பழைய வழி என் கண்டுபிடிப்பு. பொருந்தினால் அது மாமிக்கு. இரண்டு பேரும் ஒரே விடைக்காக எதிரெதிர்ப் பக்கம் நின்று காத்திருந்தோம். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் தேத்தண்ணி தந்து, "பாதை திறந்திட்டா மிஸ்?" என்று மட்டும் கேட்பார்.

யுத்தம் வன்னியில் முடிந்தது. ஊரில் சில பேர் வெடி கொளுத்தினார்கள், பல பேர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வெயில் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் கதிரவெளிக்குப் பேருந்து ஏறினோம். வழி நெடுகக் கண்ணிவெடிச் சிவப்புப் பலகைகள். மாமியின் அக்கா தகரக் கொட்டிலுக்குத் திரும்பி வந்திருந்தார். பழைய தோட்டத்தில் பற்றை ஆளுயரம் வளர்ந்திருந்தது, முயலுக்கு அதைவிடச் சொர்க்கம் கிடையாது. நான் குனிவதற்குள் மாமி என் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு தானே பொறுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பிழுக்கையையும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து, நகை எடுப்பது போல எடுத்தார். மாமா மட்டும் வேலியடியில் தூர நின்றார். வாங்க மாமா என்று கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

விடை வர மழைக்காலம் ஆகிவிட்டது. பொருந்தியது. தீவு முயல்களின் தாய்வழி கதிரவெளித் தோட்டத்து வழி, எழுத்துக்கு எழுத்து ஒன்று. இன்னொன்றும் தெரிய வந்தது. தகப்பன் வழி அடையாளங்கள் கதிரவெளி இல்லை, படுவான்கரை. வறண்ட காலத்தில் நீந்தியோ, வெள்ளத்தில் மிதந்து வரும் ஆற்றுவாழைச் செடிக் கூட்டத்தில் தொற்றியோ படுவான்கரையிலிருந்து ஆண்முயல் வந்து சேர்ந்திருக்கிறது. என் கண்டுபிடிப்பு கையை விட்டுப் போன கவலை மாமியின் படலை வாசல் வரைக்கும்தான் இருந்தது. அவர் முகத்தைக் கண்டதும் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"தாய் கதிரவெளி, மாமி. தகப்பன் படுவான்கரை. வாவியைக் கடந்து வந்திருக்கார்."

மாமி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"மாப்பிள பொம்பிள வீட்டுக்குத்தானே, மகள், வரணும்."

மகள் என்றதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அது கேட்டது. பாலத்தடியில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த இயக்கப் பெண் நினைவுக்கு வந்தாள். படுவான்கரைச் சண்டையில் செத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்; அவள் உயிரோடு இருந்திருந்தால் தேடிப்போய்ப் பதில் சொல்லியிருப்பேன்.

மாமி அன்று பிற்பகல் முழுக்கச் சும்மா இருக்கவில்லை. வளவில் படர்ந்திருந்த வத்தாளங்கொடியை, சர்க்கரைவள்ளிக் கொடியை, அறுத்து அறுத்துப் பெரிய கட்டாகக் கட்டினார். தீவில் நட்டு வைத்தால் முயலுக்குத் தீனி. பொம்பிளை வீட்டுச் சீதனமாம். சிரித்துக்கொண்டே அழுதார், மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என்னையும் மாமாவையும் தோணி வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அடுத்து வருவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. மாமா முதலில் போனார், மாமியும் போன வருடம் போய்விட்டார். இனி எழுதினால் யாருக்கும் நோகாது.

வாவி நடுவுக்கு வந்ததும் மாமா கம்பை ஊன்றிப் பிடித்துத் தோணியை நிறுத்தினார்.

"புள்ள, ஒரு விசயம். அவக்குச் சொல்லப்படாது."

"சொல்ல மாட்டன் மாமா."

"கடல் எழும்பின பிறகு அவ ஒரு வாய் சோறு தின்னல்ல. சாகப் போறா எண்டு நினைச்சன். அவட மனம் கொஞ்சம் திரும்பட்டும் எண்டு, 'தீவில மகள்ற முயல் ஒண்டு நிக்கிதுகா, கண்ணால கண்டன்' எண்டு பொய் சொல்லிட்டன். உடன எழும்பிச் சோறு தின்டா. மறுகா, தன்னையும் கூட்டிப் போய்க் காட்டச் சொல்லி நிண்டா."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் என்ன செய்யிற. நிவாரண லொறியில கதிரவெளிக்குப் போனன். அந்தத் தோட்டத்தில வலை போட்டு ஒரு பெட்டையப் பிடிச்சன். அவக்குத் தெரியாமக் கொண்டு வந்து தீவில விட்டன். அதைத்தான் காட்டின. தூரத்தில ஓடினதால அது அவள்றதுதானா எண்டு அவக்கு நிச்சயம் வரல்ல, அதுதான் உங்களிட்டக் கேட்ட."

அவர் ஏன் தோட்டத்து வேலியடியில் நின்றார் என்பது அப்போதுதான் விளங்கியது. கொடிக்கட்டு என் மடியில் கனத்தது. சற்று முன் சிரித்த அந்த முகத்தை நினைத்தேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி தொடங்கினார்.

"ஆனா புள்ள, அதை விடப் போகக்குள்ள மணல் மேட்டில புதுப் பிழுக்கை கிடந்த. காயக்கூட இல்ல. நான் விடுறதுக்கு முதலே கிடந்த. எலியா, முயலா, அண்டைக்கி எனக்குக் கண்ணும் தெரியல்ல, ஒண்டும் தெரியல்ல. இவ்வளவு வருசமா அதத்தான் யோசிக்கிறன். மகள்ற முயலும் தப்பியிருக்குமோ? இப்ப ஓடுறது நான் விட்டதுட வழியா, அவள் விட்டதுட வழியா? உங்கட படிப்பால அதப் பிரிச்சிச் சொல்ல ஏலுமா?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரே தோட்டம், ஒரே தாய்வழி. அவர் பிடித்த பெட்டை, மகள் வளர்த்த குட்டிகளுக்குத் தங்கையாகவோ சின்னம்மாவாகவோகூட இருக்கலாம். ஆய்வேட்டில் நான் எழுதப்போகும் வரி எப்படியும் ஒன்றுதான்: 'இத்தாய்வழி மனிதரால் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது.' கொண்டுவந்தது மகளா தகப்பனா என்று அந்த வரி சொல்லாது, என்னாலும் சொல்ல முடியாது.

"ஏலாது மாமா."

"ஏலவே ஏலாதா?"

"ஏலாது. ரெண்டும் ஒரு வழி. ஆராலயும் பிரிக்க ஏலாது."

அவர் தோணியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஐந்து வருடத்தில் அந்த மனிதர் அழுது நான் கண்டதில்லை. இப்போது தோள் குலுங்க அழுதார். நான் கொடிக்கட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முகத்தை வாவித் தண்ணீரில் கழுவிவிட்டு எழும்பிக் கம்பை எடுத்தார்.

"அப்ப அவள்றதாவும் இருக்கலாம்."

"ஓம் மாமா. இருக்கலாம்."

"அப்ப எனக்குக் காணும்," என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தீவுப் பக்கம் தள்ளினார்.